காலி ஹெல்மெட்

வியட்நாம் போரின் சுமை என்றதும் துப்பாக்கி, தோட்டாக்கள், முதுகுப்பை என்று சிப்பாயின் தோளைப் பற்றியே எழுதியிருக்கிறார்கள். அந்தத் தோள் சாய்ந்தபோது தாங்கிய கைகளைப் பற்றி எழுதியவர்கள் குறைவு.

அமெரிக்க ராணுவப் பணியில் அங்கே போன பெண்கள் சுமார் 11,000 பேர். பத்தில் ஒன்பது பேர் செவிலியர், பெரும்பாலும் இருபதுகளின் தொடக்கத்தில் இருந்தவர்கள். ஹெலிகாப்டர் இறங்கியதும் காயம்பட்டவர்களைப் பிரிக்க வேண்டும்: யாருக்கு உடனே அறுவைச் சிகிச்சை, யார் காத்திருக்கலாம், யார் பிழைக்கமாட்டார். பிழைக்கமாட்டாதவர்களைத் தனியே ஒதுக்கிக் கிடத்துவார்கள். அந்தப் பையன்கள் சாகும்வரை கையைப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்தவர்களும் இவர்களே. இதைத் தாய்மை என்று புகழ்ந்துவிட்டுப் போவது எளிது. எனக்கு அந்தப் புகழ்ச்சிமேல் நம்பிக்கையில்லை. அவர்கள் செய்தது போர்க்கள வேலை.

நாடே வெறுத்த போரிலிருந்து திரும்பியவர்கள் சீருடையைப் பெட்டிக்குள் வைத்துவிட்டு வாய்மூடிக்கொண்டார்கள். 22 வயதில் பிளெய்க்கு ராணுவ மருத்துவமனைக்குப் போன லிண்டா வான் டெவாண்டர், 1983இல் தன் நினைவுகளைப் புத்தகமாக எழுதினார். போர் எதிர்ப்பு ஊர்வலத்தில் முன்னாள் வீரர்களோடு நடக்கப் போனவரை, பார்த்தால் வீரர் மாதிரி இல்லையே என்று தடுத்ததை அதில் சொல்கிறார். தடுத்தவர்கள் போரை எதிர்த்த தோழர்கள். எனக்கு உறுத்துவது அதுதான்.

வாஷிங்டனில் 1982இல் எழுந்த கருங்கல் சுவரில் 58,000க்கும் மேற்பட்ட பெயர்கள் உள்ளன. அவற்றில் பெண்கள் எட்டுப் பேர். பெண்களுக்கான நினைவுச்சின்னம் அருகில் வர 1993 ஆகிவிட்டது. கிளென்னா குட்ஏக்கர் வடித்த வெண்கலச் சிலை. ஒருத்தி காயம்பட்டவனைத் தாங்கியிருக்கிறாள், இன்னொருத்தி வானத்தைப் பார்க்கிறாள். மூன்றாமவள் மண்டியிட்டு, கையிலிருக்கும் காலி ஹெல்மெட்டைக் குனிந்து பார்க்கிறாள்.