பெயர் வாணிகத்தின் கதை

மக்கட்குப் பெயர் உண்டு. ஊர்க்குப் பெயர் உண்டு. கடைக்கும் பெயர் உண்டு. அப்பெயரையே நெல்லும் பருத்தியும் போல வாங்கி வைத்து, விலை ஏறும் நாள்வரை காத்திருந்து விற்கும் வாணிகம் ஒன்று நம் காலத்திலேயே தோன்றி வளர்ந்துள்ளது. இணையத்தில் 'டொமைன்' என வழங்கும் முகவரிப் பெயர்களை முதலீடாகக் கொள்ளும் வாணிகமே அது. முப்பதாண்டு கடந்துவிட்ட அதன் வரலாற்றை இம்மலரில் சுருங்கக் கூற விழைகின்றோம். பெரும்பொருள் ஈட்டியோரின் புகழ் பாடுவது எம் நோக்கமன்று. ஒரு பெயர் யாருக்கு உரியது என்னும் வினாவே எம்மை எழுதத் தூண்டியது.

இரயில்வே குமாஸ்தாவாகப் பணிபுரியும் எமக்குப் பெயரும் குறியீடும் நாள்தோறும் பழகியவை. சென்னை சென்டிரல் நிலையத்தின் குறியீடு எம்.ஏ.எஸ். என்பதாகும். 1996இல் நகரின் பெயர் மாறிற்று. 2019இல் நிலையத்தின் பெயரும் மாறிற்று. குறியீடு மட்டும் மதராஸ் காலத்ததாகவே நிற்கின்றது. இணையத்தில் இம்முறை தலைகீழாக உள்ளது. அங்கே ஒவ்வொரு கணினிக்கும் ஓர் எண் உண்டு. எண்ணை நினைவிற் கொள்ளல் அரிதாதலின் பெயர் சூட்டுகின்றனர். கணினி மாறினால் எண் மாறலாம், பெயர் மாறுவதில்லை. ஆகவே மதிப்பெல்லாம் பெயரின்மேல் ஏறிற்று.

தொடக்கத்தில் உலகிற்கெல்லாம் பெயர்ப்பட்டியல் ஒன்றே இருந்தது. அமெரிக்காவின் ஸ்டான்போர்டு ஆராய்ச்சி நிலையத்தில் எலிசபெத் பைன்லர் என்னும் அம்மையாரின் தலைமையில் அமைந்த குழு அதனைப் பேணி வந்தது. கணினிகள் பெருகவே அப்பட்டியல் போதாதாயிற்று. 1983இல் பால் மொக்கபெட்ரிஸ் என்னும் அறிஞர், ஜான் போஸ்டலின் துணையுடன், இன்றும் நடைமுறையில் உள்ள பெயர் முறையை வகுத்தார். 1985 மார்ச் 15ஆம் நாள் பதிவான 'சிம்பாலிக்ஸ்.காம்' என்பதே முதன்முதற் பதிவான 'காம்' பெயர். அந்நாளில் பதிவுக்குக் கட்டணமே இல்லை. 1995 செப்டம்பரில்தான் இரண்டு ஆண்டுகட்கு 100 டாலர் என்னும் கட்டணம் விதிக்கப்பட்டது.

இலவசமாகக் கிடைக்கும் பொருளின் அருமையைப் பெரிய நிறுவனங்கள் உணரவில்லை. 1994இல் ஜோஷுவா குவிட்னர் என்னும் பத்திரிகையாளர், உலகப் புகழ் பெற்ற உணவு நிறுவனமாகிய மெக்டொனால்ட்ஸின் பெயர் பதிவாகாமல் இருப்பதைக் கண்டார். தாமே அதனைப் பதிந்துகொண்டு, இதனை என் செய்யலாம் என்று வாசகர்களைக் கேட்டு எழுதினார். முடிவில் அந்நிறுவனம் ஒரு பள்ளிக்குக் கணினி வசதிக்காக 3,500 டாலர் வழங்கிற்று. பெயரும் நிறுவனத்திற்குச் சென்றது. வேடிக்கையாக நடந்த இந்நிகழ்ச்சி, பெயருக்கு விலை உண்டு என்பதைப் பலருக்கும் உணர்த்திற்று.

அதன் பின்னர் வணிகர் திரண்டனர். 'பிசினஸ்.காம்' என்னும் பெயரைச் சில ஆண்டுகளுக்கு முன் 1,50,000 டாலருக்கு வாங்கியிருந்த மார்க் ஆஸ்ட்ரோப்ஸ்கி, 1999இல் அதனை 75 இலட்சம் டாலருக்கு விற்றார். 1995இல் இத்துறையில் இறங்கிய ரிக் ஷ்வார்ட்ஸ் என்பவர், 'மிட்டாய்' என்று பொருள்படும் 'கேண்டி.காம்' பெயரை 2009இல் 30 இலட்சம் டாலருக்குக் கைமாற்றினார். 2019இல் 'வாய்ஸ்.காம்' 3 கோடி டாலருக்கு விலை போயிற்று. இவை யாவும் அகராதிச் சொற்கள் என்பதை அன்பர்கள் கருதுதல் வேண்டும். மிட்டாய் என்னும் சொல் எவருடைய தனிச் சொத்துமன்று; முதலில் வந்தவர் முதலில் பெற்றார்.

இச்செய்திகளைக் கேட்போர் இஃது எளிய தொழில் என்று மயங்குதல் கூடும். ஆண்டுக்குப் பெயரொன்றுக்குப் பத்து டாலர் என்று கொண்டாலும், ஆயிரம் பெயர் வைத்திருப்பவர் பத்தாயிரம் டாலர் கட்டியாதல் வேண்டும். விற்பதோ மிகச் சில. தொடக்க நாட்களில் மக்கள் தாம் தேடும் சொல்லோடு 'காம்' சேர்த்துத் தாமே தட்டெழுதிச் சென்றனர். அவ்வாறு வருவோர்க்கு விளம்பரம் காட்டிப் பெயருடையோர் காசு பெற்றனர். தேடுபொறிகள் திறம் பெறவே அவ்வழக்கம் தேய்ந்தது, அவ்வருவாயும் சுருங்கிற்று. நெடுங்காலம் நிலைத்தவர்கள் பொறுமையும் கையிருப்பும் உடையவர்களே.

இனி அறத்தைப் பற்றிய வினாவுக்கு வருவோம். பயணச்சீட்டுகளைக் கூட்டமாக வாங்கி வைத்துக் கூடுதல் விலைக்கு விற்கும் தரகரை நாம் நன்கு அறிவோம். 1989ஆம் ஆண்டு இரயில்வே சட்டம் அனுமதியின்றி அத்தொழில் செய்வதைக் குற்றமெனக் கூறுகின்றது. பெயர் வணிகரும் அத்தகையரே அல்லரோ என்று நண்பர் பலர் எம்மிடம் வினவியதுண்டு. எம் கருத்தில் இருவகையினர் உளர். பொதுச்சொல்லை வாங்கி வைப்பவர் ஒரு வகை. பிறர் உழைப்பால் புகழ்பெற்ற பெயரைக் கைப்பற்றி வைத்துப் பணம் கேட்பவர் மற்றொரு வகை. முன்னவர் நிலம் வாங்கி வைப்பவரை ஒப்பர். பின்னவரே தரகருக்கு இணையானவர்.

டென்னிஸ் டோப்பன் என்பவர் 1995இல் 'பேனாவிஷன்.காம்' பெயரைப் பதிந்து, பேனா என்னும் சிற்றூரின் படங்களை அதில் இட்டு வைத்தார். படப்பிடிப்புக் கருவி செய்யும் பேனாவிஷன் நிறுவனத்திடம் 13,000 டாலர் கேட்டார். 1998இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் நிறுவனத்தின் பக்கமே தீர்ப்பளித்தது. மறு ஆண்டில் அமெரிக்கா இதற்கெனவே தனிச் சட்டம் இயற்றிற்று. அதே 1999இல், பெயர்களை மேற்பார்வை செய்யும் ஐகான் அமைப்பு உலகம் முழுமைக்கும் உரிய வழக்குத் தீர்வு முறையை ஏற்றுக்கொண்டது. நம் நாட்டிலும் அவ்வாண்டிலேயே தில்லி உயர்நீதிமன்றம் 'யாகூ இந்தியா.காம்' வழக்கில் யாகூ நிறுவனத்திற்குத் துணை நின்றது. 2004இல் சத்யம் இன்போவே வழக்கில் நம் உச்சநீதிமன்றம், வாணிகப் பெயருக்குள்ள காப்பு இணையப் பெயருக்கும் உண்டு என்று தெளிவுறுத்திற்று.

ஆயின் வலியோர் எப்பொழுதும் நேர்மையின் பக்கமே நிற்பர் என்று கொள்ளுதற்கில்லை. யூசி நிசான் என்பவரின் கதையே இதற்குச் சான்று. நிசான் என்பது அவருடைய குடும்பப் பெயர். தம் கணினிக் கடைக்காக 1994இல் 'நிசான்.காம்' பெயரைப் பதிந்தார். 1999 டிசம்பரில் நிசான் கார் நிறுவனம் அவர்மேல் ஒரு கோடி டாலர் கேட்டு வழக்குத் தொடுத்தது. பல்லாண்டுகள் வழக்கு நடந்தது. பொருளையும் காலத்தையும் இழந்தும் அவர் பெயரை விட்டுக்கொடுக்கவில்லை. 2020இல் கொரோனா நோயால் அவர் மறையும் வரையில் அப்பெயர் அவரிடமே இருந்தது. தந்தை வழி வந்த பெயரை விற்க மறுத்த அவரை வணிகர் என்று எவ்வாறு கூறுவது? வலியோர் முறையற்றுப் பெயர் பறிக்க முயல்வதும் தவறே என்று ஐகான் விதிகளிலும் இடம்பெற்றுள்ளது நமக்கு ஆறுதல் தருகின்றது.

மற்றொன்றையும் எண்ணிப் பார்த்தல் வேண்டும். இணையப் பெயரை எவரும் முற்றாக உடைமையாக்கிக் கொள்ளுதல் இயலாது. ஒரே தவணையில் பத்தாண்டுகட்கு மேல் பதிய முடியாது. புதுப்பிக்கத் தவறின், 'காம்' போன்ற பெயர்களில் சிறிது அவகாசமும், பின்னர் மீட்புக்கு 30 நாட்களும், இறுதியாக 5 நாட்களும் கழிந்ததும் பெயர் பொதுவில் விழும். விழும் நொடியிலேயே கைப்பற்றக் கணினிகள் காத்து நிற்கின்றன. கோடி கொடுத்து வாங்கியவரும் குடியிருப்பவரே. வாடகை தவறின் வெளியேற வேண்டியவரே.

புலம்பெயர்ந்து வாழும் நம் போன்றோர்க்கு இஃது ஒரு பாடம். அண்டை நகரத் தமிழன்பர் அமைப்பொன்றின் பெயர், அதன் செயலாளர் தம் சொந்தப் பெயரில் பதிந்ததாக இருந்தது. அவர் வேறூர்க்கு மாற்றலாகிச் சென்றார், அறிவிப்புக் கடிதம் பயன்படாத மின்னஞ்சலுக்குச் சென்றது, பெயர் கைநழுவிற்று. பன்னீராண்டு விழாப் படங்கட்குரிய முகவரியில் இன்று சூதாட்ட விளம்பரம் காட்சி தருகின்றது. கைப்பற்றியவர் கேட்ட தொகை அவ்வமைப்பின் ஓராண்டுச் சந்தாவினும் மிகுதி. ஆதலின் சங்கங்கள் தம் பெயரைச் சங்கத்தின் பேரிலேயே பதிதல் வேண்டும். புதுப்பிக்கும் நாளைச் செயற்குழுக் குறிப்பேட்டில் எழுதி வைத்தலும் வேண்டும்.

தமிழுக்கும் இவ்வரலாற்றில் இடம் கிடைத்துள்ளது. '.இலங்கை' என்னும் தமிழெழுத்து முடிவு 2010இலும், '.சிங்கப்பூர்', '.இந்தியா' என்பன 2011இலும் இணையத்தின் மூலப் பட்டியலில் இடம்பெற்றன. இயந்திரத்தின் உள்ளே அவை உரோமன் எழுத்துக் கோவையாக மாற்றப்பட்டே பயணம் செய்கின்றன எனினும், நம் கண்முன் தமிழாகவே தோன்றுகின்றன. அங்கே நல்ல தமிழ்ச் சொற்கள் பல இன்னும் ஆளின்றிக் கிடக்கின்றன. விற்பதற்காக அன்றி வாழ்வதற்காக அவற்றில் குடியேறுவோர் நம்மவராக இருத்தல் வேண்டும். பெயருக்கு விலை கூறுவோர் வணிகர். அதற்குப் பொருள் தருவோர் அதனைப் பயன்படுத்துவோரே.

வாழ்க தமிழ்! வளர்க நம் சங்கம்!