பொன்னும் புழுதியும்: கோலார் தங்கவயல் தரும் பாடம்

நம் கல்விச் சங்கம் இருபத்தைந்து ஆண்டுகளைக் கடந்து வெள்ளிவிழாக் காணும் இவ்வேளையில், கல்வி எதற்கு என்னும் பழைய வினாவை மீண்டும் எழுப்பிப் பார்ப்பது பொருத்தமுடையதே. வேலைக்கு என்பர் சிலர். மதிப்புக்கு என்பர் சிலர். இவ்விரண்டையும் நாம் மறுக்கவில்லை. ஆயினும் நம் முன்னோர் பல்லாயிரவர் உழைத்து மாண்ட கோலார் தங்கவயலின் வரலாற்றைப் படிக்குங்கால் மூன்றாவது விடையொன்று கிடைக்கின்றது. தம் உடலுக்கு நேர்ந்த கேட்டைத் தாமே கணக்கெடுத்துச் சொல்லவும், அக்கணக்கைப் பிறர் மறைக்கவியலாதபடி காக்கவும் கல்வி வேண்டும் என்பதே அவ்விடை.

தங்கவயலின் தோற்றம்

மைசூர் நாட்டின் கிழக்கெல்லையில் பொன் கிடைக்கும் செய்தியை நில அளவைக்கு வந்த ஜான் வாரன் என்னும் படையதிகாரி 1802-ஆம் ஆண்டு வாக்கில் குறித்து வைத்தார். அங்குள்ள மக்கள் அதற்கு முன்பே மண்ணைக் கழுவிப் பொன்னெடுத்து வந்தனர். 1870-களில் லவெல் என்னும் ஐரிஷ்காரர் மைசூர் அரசிடம் உரிமை பெற்றுத் தோண்டத் தொடங்கினார். 1880-இல் இலண்டன் மூலதனத்தோடு மைசூர் தங்கச் சுரங்கக் கம்பெனி எழுந்தது. ஜான் டெய்லர் அண்டு சன்ஸ் என்னும் நிறுவனம் நிருவாகத்தை ஏற்றது. மைசூர், சாம்பியன் ரீஃப், ஊரிகாம், நந்திதுர்க்கம் என்னும் நான்கு பெருஞ்சுரங்கங்கள் நாளடைவில் உலகப் புகழ் பெற்றன.

மூலதனம் இலண்டனிலிருந்து வந்தது; மேற்பார்வை செய்யக் கார்ன்வால் நாட்டுச் சுரங்கத் தொழிலாளர் வந்தனர். பாறையை உடைக்கும் கைகளோ வட ஆர்க்காடு, சித்தூர், சேலம் மாவட்டங்களிலிருந்து வந்தன. அவர்களுள் மிகப் பெரும்பாலோர் ஆதிதிராவிட மக்கள். பஞ்சத்தாலும் பண்ணையடிமைத்தனத்தாலும் நொந்தவர்களுக்குச் சுரங்கத்தின் இருள், ஊரின் வெளிச்சத்தைவிட மேலானதாகத் தோன்றிற்று. கூலி காசாகக் கிடைத்தது. தெருவில் நடக்க எவரிடமும் அனுமதி கேட்க வேண்டியதில்லை. இதனை நாம் மறத்தல் கூடாது. தங்கவயல் நம் மக்களுக்குக் கொடுமையும் விடுதலையும் ஒருங்கே தந்த இடமாகும்.

1902-இல் சிவசமுத்திரம் அருவியிலிருந்து 92 மைல் தொலைவு கம்பி வழியாக மின்சாரம் கொண்டுவரப்பட்டது. பாலாற்று நீர் பேத்தமங்கலத்திலிருந்து குழாய் வழி வந்தது. பிற்காலத்தில் சுரங்கம் 3,000 மீட்டருக்கும் கீழே இறங்கியது. அங்கே பாறையின் வெப்பம் 60 பாகை செல்சியசைக் கடந்தது. 'ஏர் பிளாஸ்ட்' என்று தங்கவயல் மக்கள் அழைத்த பாறை வெடிப்பு எந்நேரமும் உயிரைக் குடிக்கக் காத்திருந்தது.

பிளேக்கும் தூசியும்

1898 ஆகஸ்டில் பெங்களூரில் பிளேக் நோய் தோன்றியது. தங்கவயலையும் அது விடவில்லை. கம்பெனியும் அரசும் விரைந்து செயற்பட்டன. சுகாதாரத்திற்கென வாரியம் ஒன்று இயங்கலாயிற்று. நெருக்கமான குடிசைகளுக்கு மாற்றாக ராபர்ட்சன்பேட்டை என்னும் புதிய குடியிருப்பு நகரம் எழுந்தது. இவை நற்பணிகள் என்பதில் ஐயமில்லை.

ஆனால் அதே காலத்தில் வேறொரு நோயும் சுரங்கத்தினுள் வளர்ந்து வந்தது. பாறையைத் துளையிடும்போது எழும் நுண்ணிய மணற்சத்துத் தூசி மூச்சின் வழியே நுரையீரலின் அடிவரை செல்கிறது. அங்கே அது தழும்பாக இறுகி, ஆண்டுகள் செல்லச் செல்ல மூச்சையே அடைக்கிறது. இதுவே சிலிக்கோசிஸ் எனப்படும் நோய். இதற்கு அன்றும் மருந்தில்லை, இன்றும் இல்லை. நோயுற்ற நுரையீரலில் காசநோய் எளிதில் குடியேறும்.

இந்நோயை அக்கால மருத்துவ உலகம் அறியாதிருந்தது என்று சொல்லவியலாது. தென்னாப்பிரிக்கத் தங்கச் சுரங்கங்களில் இதனை ஆராய 1902-இல் ஆணையம் அமைக்கப்பட்டது. கார்ன்வால் சுரங்கத் தொழிலாளரின் உடல்நிலை பற்றி ஹால்டேன் என்னும் அறிஞர் குழுவினர் 1904-இல் அறிக்கை தந்தனர். 1911-இல் தென்னாப்பிரிக்காவில் இந்நோய்க்கு உதவித்தொகை வழங்கச் சட்டமே பிறந்தது. அங்கும் வெள்ளைத் தொழிலாளர்க்குக் கிடைத்த பங்கு கறுப்பினத் தொழிலாளர்க்குக் கிடைக்கவில்லை என்பது வேறு செய்தி. 1934-இல் சர்வதேசத் தொழிலாளர் அமைப்பு சிலிக்கோசிசைத் தொழில்சார் நோய்களின் பட்டியலில் சேர்த்தது. மைசூர் நாட்டில் இந்நோய் இழப்பீட்டுக்குரியதாக ஏற்கப்பட்டதோ 1940-இல்தான். அதன்பின் 1940-களில் தங்கவயலில் ஏழாயிரத்துக்கும் மேற்பட்ட தொழிலாளரைச் சோதித்தபோது, நூற்றுக்கு நாற்பதுக்கும் மேற்பட்டோர்க்கு இந்நோய் இருப்பது வெளிப்பட்டது.

பிளேக்குக்கு உடனடி நடவடிக்கை. தூசிக்கு ஏறத்தாழ நாற்பதாண்டுத் தாமதம். இவ்வேற்றுமை எதனால் நேர்ந்தது? பிளேக் தொற்றுநோய். கூலி வரிசையில் தோன்றினால் துரைமார் பங்களாவையும் எட்டும், வேலையை நிறுத்தும், வாணிகத்தைக் கெடுக்கும். தூசிநோய் பாறையை உடைப்பவனோடு நின்றுவிடும். அவன் இருமத் தொடங்கினால் ஊருக்குத் திரும்புவான். வட ஆர்க்காட்டின் ஏதோ ஒரு சேரியில் மடிவான். அவனுடைய மரணம் சுரங்கத்தின் ஏட்டில் ஏறாது. அவன் இடத்திற்கு மற்றொருவன் வந்து நிற்பான். அனைவரையும் அச்சுறுத்தும் நோய்க்கே கொள்கை பிறக்கிறது. சிலரை மட்டும் தின்னும் நோய்க்கு அச்சிலர் குரல் பெறும்வரை கொள்கை பிறப்பதில்லை. பொதுச் சுகாதாரம் என்னும் சொல்லில் உள்ள 'பொது' யாரைக் குறிக்கிறது என்பதே இங்கு எழும் அறவினா.

உலகச் சந்தையும் தொழிலாளியின் மூச்சும்

தங்கவயலில் எடுத்த பொன்னின் விலையை அங்கே உழைத்தவரும் முடிவு செய்யவில்லை. மைசூர் அரசும் முடிவு செய்யவில்லை. 1931 செப்டம்பரில் பிரிட்டன் தங்க நாணயத் திட்டத்தைக் கைவிட்டது. அதற்கு முன் ஓர் அவுன்சு சுமார் 85 ஷில்லிங்காக இருந்த பொன்விலை 1935-இல் 140 ஷில்லிங்கைக் கடந்தது. தங்கச் சுரங்கங்கட்கு அது பொற்காலம். அந்த ஆண்டுகளில் தொழிலாளியின் நோய்க்கு மைசூர்ச் சட்டத்தில் இழப்பீடு இல்லை என்பதை நாம் மேலே கண்டோம்.

1956-இல் மைசூர் அரசு சுரங்கங்களை ஏற்றது; 1962-இல் அவை நடுவணரசின் கைக்கு வந்தன; 1972-இல் பாரத் தங்கச் சுரங்க நிறுவனம் அமைந்தது. அதற்குள் வளமான பாறை பெரிதும் தீர்ந்துவிட்டது. உலக நாடுகள் ஏற்றிருந்த அவுன்சுக்கு 35 டாலர் என்னும் விலையோ 1934 முதல் 1971 வரை அசையாது நின்றது. நட்டம் என்ற சொல் பேசப்படலாயிற்று. இறுதியில் 2001 பிப்ரவரி 28 அன்று சுரங்கங்கள் மூடப்பட்டன. நூற்றிருபது ஆண்டுகளில் எடுக்கப்பட்ட பொன் ஏறத்தாழ 800 டன் என்பர்.

நட்டம் என்று சொல்லும் கணக்கில் ஒருபுறம் பொன்விலையும் மறுபுறம் கூலியும் மின்சாரமும் மருந்துச் செலவும் எழுதப்பட்டன. நுரையீரல் எப்பக்கத்திலும் எழுதப்படவில்லை. இலாபம் மிகுந்த காலத்திலேயே அதனை எழுதியிருப்பின், இலண்டன் பங்குதாரர் பெற்ற ஈவுத்தொகை எவ்வளவு குறைந்திருக்கும்? இலாபம் கொண்டவர் கடல்கடந்து சென்றபின், எஞ்சிய நோயையும் சயனைடு மண்மேடுகளையும் ஏற்றவர் ஒன்றும் கொள்ளாதவரே. கோடையில் அம்மேடுகளிலிருந்து எழும் புழுதி இன்றும் அவ்வூர் வீடுகளில் படிகிறது.

நம் மக்கள் எழுப்பிய நிறுவனங்கள்

இவ்வளவு இடுக்கண்களுக்கு இடையிலும் தங்கவயல் தொழிலாளர் கைகட்டி இருக்கவில்லை. சித்த மருத்துவரும் பேரறிஞருமான பண்டிதர் அயோத்திதாசர் 1898-இல் சாக்கிய பௌத்த சங்கத்தை நிறுவினார். அதன் கிளை மாரிகுப்பத்தில் வேரூன்றியது. 1907-இல் சென்னை இராயப்பேட்டையிலிருந்து அவர் தொடங்கிய 'ஒரு பைசாத் தமிழன்' இதழுக்குத் தங்கவயல் தொழிலாளர் சந்தாதாரராகவும் பொருளுதவி செய்வோராகவும் விளங்கினர். பண்டிதர் 1914-இல் மறைந்தபின், நின்றுபோன 'தமிழன்' 1926-இல் தங்கவயலிலேயே ஜி. அப்பாதுரையாரால் மீண்டும் தொடங்கப்பெற்று 1934 வரை நடந்தது. சித்தார்த்தா புத்தகசாலை அங்கிருந்து நூல்களை வெளியிட்டது. பூமிக்கடியில் பாறை உடைத்தவர்களின் கூலிக்காசு இவ்வாறு அச்செழுத்தாக மாறிற்று.

அரசும் கம்பெனியும் செய்யக் கடமைப்பட்ட பணியை ஏழைத் தொழிலாளர் தம் வயிற்றைக் கட்டிச் செய்தது முறையா என்று கேட்கலாம். முறையன்று என்பதே நம் விடை. ஆயினும் தம் காசில் எழுந்த நிறுவனம் தம் குரலிலேயே பேசியது. கம்பெனியின் மருத்துவமனை எவ்வளவு நன்றாக இருப்பினும் அதன் ஏடு கம்பெனியின் ஏடே. தொழிலாளர் நடத்திய இதழின் பக்கங்கள் தொழிலாளருடையவை.

பதிவேடு யாருக்காக?

1930-ஆம் ஆண்டின் போராட்டம் இதனை நன்கு விளக்கும். தொழிலாளர் யாவரும் கைரேகை வைத்துப் பதிவு செய்துகொள்ள வேண்டும் என்று நிருவாகம் ஆணையிட்டது. குற்றவாளிகளுக்குச் செய்வதை எங்களுக்குச் செய்வதா என்று ஆயிரக்கணக்கானோர் வேலைநிறுத்தம் செய்தனர். எழுதப் படிக்கத் தெரியாதவனும் அந்த ஏட்டின் நோக்கத்தைச் சரியாகவே படித்துவிட்டான். பொன் திருடாமல் காப்பதற்கும் ஆளைக் கட்டுப்படுத்துவதற்கும் ஒவ்வொருவனுடைய விரலையும் பதிவு செய்ய முடிந்தது. எத்தனை ஆண்டு தூசியில் நின்றான், எப்போது இருமத் தொடங்கினான், எந்த ஊருக்குத் திரும்பி எப்போது இறந்தான் என்பதைப் பதிவு செய்வதற்கு மட்டும் ஏடு கிடைக்கவில்லை.

1940-இல் இழப்பீட்டு உரிமை வந்தபின்னும் இக்குறை முற்றும் நீங்கிற்றில்லை. உரிமை கோருவோன் தன் பணிக்காலத்தை மெய்ப்பிக்க வேண்டும். ஒப்பந்தக்காரரின் கீழ் உழைத்துச் சான்றின்றி ஊர் திரும்பியவனும், அவன் இறந்தபின் கைம்பெண்ணாய் நின்றவளும் எந்தத் தாளைக் காட்டுவர்? சட்டம் காகிதத்தில் எழுதப்படுகிறது. காகிதம் இல்லாதவனுக்கு அது பாதியே பயன்படும்.

நாம் கொள்ள வேண்டுவது

தங்கவயலின் பிள்ளைகள் இன்று விடியற்காலையில் இரயிலேறிப் பெங்களூருக்கு வேலைக்குச் செல்கின்றனர். சுரங்கம் போயினும் தூசி போகவில்லை. கல்லுடைக்கும் இடங்களிலும், கல்லை மாவாக அரைக்கும் ஆலைகளிலும், மணல் வீசித் தேய்க்கும் பட்டறைகளிலும் அதே நோய் உள்ளது. பொருளைக் கேட்பவர் தொலைநாட்டில் இருப்பதும், இடையில் ஒப்பந்தக்காரர் நிற்பதும், நோயுற்றவன் ஊர் திரும்பி மடிவதும் மாறவில்லை.

ஆதலின் நம் சங்கத்தின் மாணவமணிகளுக்கு ஒரு பணியைச் சுட்ட விரும்புகிறோம். உங்கள் வீட்டில், உங்கள் தெருவில் உழைத்து ஓய்ந்த முதியோர் எங்கே, எத்தனை ஆண்டு, எத்தகைய வேலை செய்தனர், அவர்களுக்கு வந்த நோய் யாது என்பதைக் கேட்டு எழுதி வையுங்கள். ஊதியச் சீட்டு, மருத்துவச் சீட்டு, எக்ஸ்ரே படம் எதையும் எறிந்துவிடாதீர்கள். உங்களுள் மருத்துவராவோர் நோயாளியின் தொழிலைக் கேட்காமல் மருந்தெழுதாதீர்கள். கணக்கராவோர் எழுதப்படாத செலவு யாது என்று வினவுங்கள். தங்கவயல் தொழிலாளர் கூலிக்காசில் அச்சியந்திரம் ஓட்டியவர்கள். அவர்கள் எழுதாது விட்ட பக்கங்களை எழுதி நிரப்புதல் கற்ற நம் கடனாகும்.