ஆசுன் பாலத்தில் நின்ற டாங்கிகள்

டாங்கியைத் தனி ஒரு சிப்பாய் தடுக்க முடியுமா? முடியும் என்று காட்டிய இடம் நம் கெடாவிலேயே இருக்கிறது.

1941 டிசம்பர் 11. கொட்டும் மழை. சாங்லூன் பக்கமிருந்து ஜப்பானிய டாங்கிகள் ஜித்ராவை நோக்கி வந்தன. மலாயாவில் பிரிட்டிஷாரிடம் ஒரு டாங்கிகூட இல்லை. எதிர்த்து நின்ற இந்தியச் சிப்பாய்களில் பலர் அதுவரை டாங்கியைப் பார்த்ததே இல்லை! ஆசுன் பாலத்துக்கு வைத்த வெடியும் வெடிக்கவில்லை. அப்போது மன்பகதூர் என்ற கூர்க்கா ஹவில்தார், டாங்கி எதிர்ப்புத் துப்பாக்கியால் முன்னால் வந்த இரண்டு டாங்கிகளை முடக்கினார். பாதை அடைபட்டது. ஆனாலும் சற்று நேரம்தான். ஜப்பானியக் காலாட்படை ஆற்றைக் கடந்துவிட்டது.

அந்த 'பாய்ஸ்' துப்பாக்கியின் எடை சுமார் 16 கிலோ. குண்டின் வேகத்தை மட்டுமே நம்பியதால் மெல்லிய கவசத்தைத்தான் துளைக்கும். தடித்த கவசத்துக்கு இன்னும் பெரிய துப்பாக்கி வேண்டும். அதை மனிதன் சுமக்க முடியாது.

தீர்வு 1942இல் அமெரிக்க 'பசூக்கா'வோடு வந்தது. அதன் ராக்கெட் முனையில் குழிவான வெடிமருந்து. வெடித்ததும் உள்ளிருக்கும் உலோகத் தகடு ஈட்டிபோல் பாய்ந்து கவசத்தைத் துளைக்கும். வேகம் தேவையில்லை, அதனால் கனமும் குறைந்தது. 1961இல் வந்த சோவியத் ஆர்.பி.ஜி.-7க்கும் இதே அடிப்படைதான்.

ஜித்ரா வீழ்ந்தது. பின்னர் தோட்டத் தமிழர்கள் பல்லாயிரவர் சயாம் ரயில்பாதைக்குக் கொண்டுபோகப்பட்டனர். ஆசுனில் குறைந்தது துணிச்சல் அல்ல. தோளில் இருந்த கருவிதான்.