கூலிக்கு உழைத்த கைகளும் வாடும் கிரீடமும்



கொரிந்தியருக்கு எழுதப்பட்ட முதலாம் நிருபத்தின் ஒன்பதாம் அதிகாரத்தை நீங்கள் பலமுறை வாசித்திருப்பீர்கள். அதன் இறுதியில் வரும் பந்தய ஓட்டக்காரன் நம்முடைய பிரசங்கங்களில் அடிக்கடி தோன்றுகிறவன். ஆனால் அதே அதிகாரத்தின் முற்பகுதி கூலியைப் பற்றியது என்பதைக் கவனித்திருக்கிறீர்களா? போர்ச்சேவகன், திராட்சத்தோட்டக்காரன், மந்தை மேய்ப்பவன், களத்தில் கதிர் மிதிக்கும் மாடு ஆகிய அனைத்தையும் சாட்சிக்கு அழைத்து, உழைக்கிறவனுக்கு உழைப்பின் பலனில் பங்கு உண்டென்று பவுல் நிலைநாட்டுகிறார். அதன் பின்னரே, அந்த உரிமையைத் தாம் பயன்படுத்தவில்லை என்கிறார். அதற்கும் பின்னரே ஓட்டக்காரன் வருகிறான்.

பவுல் கொரிந்துவில் ஒன்றரை ஆண்டு தங்கிக் கூடாரம் பண்ணும் தொழில் செய்தவர். அந்நகரத்துக்கு அருகே இஸ்த்மியாவில் இரண்டாண்டுக்கு ஒருமுறை விளையாட்டு விழா நடைபெற்றது. அங்கே வென்றவனுக்குக் கிடைத்தது வாடிப்போகும் இலைமுடி. எனினும், கிரேக்க வீரன் கூலி பெறாமல் விளையாடினான் என்று எண்ணிவிடாதீர்கள். ஒலிம்பியாவில் வென்ற ஏதென்ஸ் குடிமகனுக்கு 500 திராக்மா வெகுமதி வழங்கச் சோலோன் விதித்தார் என்று புளூட்டார்க் எழுதுகிறார். வெற்றியாளருக்கு நகரத்தின் பொதுச்செலவில் உணவும் அளிக்கப்பட்டது. ‘அத்லெட்’ என்னும் சொல்லின் வேரே பரிசு என்னும் பொருளுடையது.

அப்படியானால், பணம் வாங்கினால் விளையாட்டு தீட்டுப்படும் என்ற எண்ணம் எங்கிருந்து வந்தது? அது பத்தொன்பதாம் நூற்றாண்டு இங்கிலாந்தின் செல்வக் குடும்பங்களில் உருவாகி, கிரேக்க ஆடை உடுத்தி உலகுக்கு வந்தது. ‘அமெச்சூர்’ என்றால் அன்பினால் செய்கிறவர். எத்தனை அழகிய சொல்! ஆனால் தேம்ஸ் நதிக்கரையிலுள்ள ஹென்லியில், படகுப்போட்டி நடத்தியவர்கள் 1879-இல் வகுத்த விதியைப் பாருங்கள். கூலிக்கு வேலை செய்த கைவினைஞரோ தொழிலாளரோ அமெச்சூர் ஆகமாட்டார். படகோட்டிப் பணம் பெற்றவரை மட்டுமல்ல, எந்தக் கைத்தொழிலாலும் பிழைத்தவரையே அது விலக்கியது. உடலுழைப்பு அவர்களுக்கு நியாயமற்ற வலிமையைத் தந்துவிடும் என்றும் வாதிட்டார்கள்! தச்சனின் வீட்டில் வளர்ந்தவரை ஆண்டவர் என்று ஞாயிறுதோறும் அறிக்கையிட்ட தேசத்தில் இவ்விதி 1937 வரை நீடித்தது.

பிலடெல்பியாவைச் சேர்ந்த ஜான் கெல்லி செங்கல் அடுக்கும் கொத்தனாராக உழைத்தவர். 1920-இல் ஹென்லிப் போட்டிக்கு அவர் அனுப்பிய விண்ணப்பம் நிராகரிக்கப்பட்டது. அவருடைய படகுச் சங்கத்தின்மேல் முன்பே இருந்த தடை ஒரு காரணம். அவர் கைத்தொழிலாளி என்பது மற்றொன்று. அவ்வாண்டே ஆன்ட்வெர்ப் ஒலிம்பிக்கில் அவர் பிரிட்டனின் ஜாக் பெரஸ்ஃபோர்டை வென்று தங்கம் பெற்றார். 1947-இல் அதே ஹென்லியில் வெற்றிக்கிண்ணத்தை ஏந்தியவர் அவருடைய மகன்.

வட இங்கிலாந்தின் கதை இன்னும் நம் நெஞ்சுக்கு நெருக்கமானது. யார்க்‌ஷயர், லங்காஷயர் பகுதிகளின் நெசவாலைத் தொழிலாளரும் சுரங்கத் தொழிலாளரும் ரக்பி ஆடினார்கள். ஆட்டம் சனிக்கிழமையில்; சனிக்கிழமை காலையோ வேலைநாள். தொலைவிலுள்ள ஊருக்கு ஆடப்போனால் அன்றைய கூலி போகும். இழந்த கூலியை மட்டும் ஈடுசெய்ய அனுமதியுங்கள் என்று வடக்குச் சங்கங்கள் 1893-இல் கேட்டபோது, 282-க்கு 136 என்ற வாக்குகளில் அக்கோரிக்கை வீழ்ந்தது. நிலபுலன் உடையவருக்கு ஒரு நாள் ஒரு பொருட்டல்ல. வாரக்கூலியில் குடும்பம் நடத்துகிறவருக்கு அது பிள்ளைகளின் அப்பம். 1895 ஆகஸ்ட் 29 அன்று ஹடர்ஸ்ஃபீல்டு நகரின் ஜார்ஜ் ஓட்டலில் வடக்குச் சங்கங்கள் கூடிப் பிரிந்துசென்றன. தொடக்கத்தில் அவர்கள் அனுமதித்த ஈடு நாளொன்றுக்கு ஆறு ஷில்லிங். இதற்காக ஒரு விளையாட்டே இரண்டானது. ரக்பி லீக் பிறந்த வரலாறு இதுவே.

கிரிக்கெட்டில் 1962 வரை ‘கனவான்கள்’ ஓர் அணியாகவும் கூலிபெறும் ‘ஆட்டக்காரர்கள்’ மற்றோர் அணியாகவும் மோதினார்கள். ஆட்ட அட்டையில் கனவானின் முன்னெழுத்து பெயருக்கு முன்னும், கூலிக்காரரின் முன்னெழுத்து பின்னும் அச்சிடப்படுவதுண்டு. (முன்னெழுத்தின் அருமை தமிழராகிய நமக்குச் சொல்லியா தெரியவேண்டும்?) கனவான்களில் தலைசிறந்த டபிள்யூ. ஜி. கிரேஸோ, கூலிக்கு ஆடியவர்களைவிட அதிகம் சம்பாதித்தவர்.

இப்போது பவுலிடம் திரும்புங்கள். அவரும் கூலி வேண்டாம் என்றவர்தான். ஆனால் அவர் விட்டுக்கொடுத்தது தம்முடைய உரிமையை, பிறருடையதை அன்று. அதுவும் தோல் தைத்துத் தழும்பேறிய கைகளோடு. ஹென்லியின் கனவான்களோ தங்களுக்குத் தேவைப்படாத கூலியைத் தேவைப்பட்டவனுக்கு மறுத்து, அதற்கு அன்பு என்று பெயரிட்டார்கள். தியாகம் மற்றவன் தலையில் சுமத்தப்படும்போது அதன் பெயர் மாறிவிடுகிறது என்றே நான் கருதுகிறேன்.

அந்தச் சுமை ஜிம் தோர்ப்பின்மேல் விழுந்தது. சாக்-ஃபாக்ஸ் என்னும் அமெரிக்கப் பழங்குடியைச் சேர்ந்த அவர், 1912 ஸ்டாக்ஹோம் ஒலிம்பிக்கில் ஐந்து போட்டிகள் கொண்ட பென்டத்லானிலும், பத்து போட்டிகள் கொண்ட டெகத்லானிலும் தங்கம் வென்றார். அதற்கு முன், 1909, 1910-ஆம் ஆண்டுகளில், வட கரோலினாவில் சிறிய தொகைக்குப் பேஸ்பால் ஆடியிருந்தார். கல்லூரி மாணவர்கள் பலர் புனைபெயரில் ஆடிய காலம் அது. இவர் சொந்தப் பெயரிலேயே ஆடினார். அந்த நேர்மையே அவரைக் காட்டிக்கொடுத்தது. 1913 தொடக்கத்தில் செய்தி வெளிவந்தது. போட்டி முடிந்து 30 நாட்களுக்குள் எழுப்பப்படாத ஆட்சேபம் செல்லாது என்று விதி இருந்தும், பதக்கங்கள் பறிக்கப்பட்டன. தாம் விவரமறியாத இந்தியப் பள்ளி மாணவன், பணத்துக்காக அல்ல, விருப்பத்தினாலேயே ஆடினேன் என்று அவர் பெயரில் அனுப்பப்பட்ட கடிதத்துக்குப் பயனில்லை. அவரோடு 1912-இல் போட்டியிட்டுத் தோற்ற ஏவரி பிரண்டேஜ், 1952 முதல் 1972 வரை சர்வதேச ஒலிம்பிக் கமிட்டியின் தலைவராக இருந்தார். அக்காலம் முழுவதும் பதக்கங்கள் திரும்பவில்லை.

தோர்ப் 1953-இல் வறுமையில் மரித்தார். 1982-இல் அவர் பெயர் மீண்டும் பட்டியலில் சேர்க்கப்பட்டது. ஆனால் ‘இணை வெற்றியாளர்’ என்றுதான். 1983 ஜனவரியில் அவருடைய பிள்ளைகளிடம் பதக்கங்களின் நகல்கள் கொடுக்கப்பட்டன. 1992-இல் பார்சிலோனாவில் கோடிகளை ஊதியமாகப் பெறும் கூடைப்பந்து வீரர்கள் அதே ஒலிம்பிக்கில் ஆடித் தங்கம் வென்றார்கள், எவரும் ஆட்சேபிக்கவில்லை. 2022 ஜூலையில்தான் ஜிம் தோர்ப் இரு போட்டிகளிலும் தனி வெற்றியாளர் என்று அறிவிக்கப்பட்டார். டெகத்லானில் அவருக்கு அடுத்து வந்த சுவீடன் வீரர் ஹியூகோ வீஸ்லாண்டரின் குடும்பத்தார் அப்போது ஒன்றைத் தெரிவித்தார்கள்: தமக்கு ஒதுக்கப்பட்ட அந்தத் தங்கத்தைத் தமக்குரியதென்று அவர் ஒருநாளும் ஏற்றதில்லை.