ஒன்பது-ஆறு: ஒரு பரிசுப் பட்டியலைப் படிக்கக் கற்றவர்களின் வரலாறு

அமெரிக்காவின் நெவாடா மாநிலத்துச் சூதாட்டக் கூடங்களில், வீடியோ போக்கர் ஆடுவோரிடையே 'ஒன்பது-ஆறு' என்றொரு அடைமொழி வழங்குகிறது. ஓர் இயந்திரத்தை 'ஒன்பது-ஆறு' என்றால் அமர்ந்து ஆடலாம் என்று பொருள். 'எட்டு-ஐந்து' என்றால் எழுந்து போய்விடலாம் என்று பொருள். எண் அடைமொழியாவது மொழியியல் படித்தவருக்குப் புதிதன்று. தண்டனைச் சட்டப் பிரிவொன்றின் எண் 'ஃபோர் ட்வென்டி' என்று நம் பேச்சில் ஏமாற்றுக்காரருக்குப் பெயராகிவிட்டதை அறிவோம். ஆனால் இந்த எண்சோடிக்குப் பின்னால் இருப்பது, சாதாரண ஆட்டக்காரர்கள் ஓர் அட்டவணையைப் படிக்கக் கற்றுக்கொண்ட வரலாறு.

இதைத் தேடிப் படிக்க நேர்ந்ததற்குக் காரணம், விடுதியில் என் பக்கத்து அறையில் இருந்த ஆய்வு மாணவர். ஓராண்டு உதவித்தொகையில் பெரும்பகுதியை அவர் இணைய ரம்மியில் இழந்தார். நான் கடிந்துகொண்டபோது, 'இது திறன் சார்ந்த ஆட்டம். உச்ச நீதிமன்றமே சொல்லியிருக்கிறது' என்றார். அவர் கூறியது பொய்யன்று. அதனாலேயே எனக்கு அன்று விடை தெரியவில்லை.

போக்கரை இயந்திரமாக்கும் முயற்சி பழையது. 1891இல் புரூக்ளினைச் சேர்ந்த சிட்மன் அண்ட் பிட் நிறுவனம், ஐந்து உருளைகளில் பத்துப் பத்தாக 50 சீட்டுகள் பதித்த ஒரு பொறியைச் செய்தது. பரிசு மதுக்கூடத்தில் கிடைக்கும் பானமோ சுருட்டோதான். கட்டில் 52 சீட்டுகள் இருக்க, உருளைகளில் 50க்கே இடம். விடுபட்டவை பெரும்பாலும் இஸ்பேடு பத்தும் ஆட்டின் ஜாக்கியும். இவ்விரண்டும் இல்லையேல் நான்கு இனங்களில் இரண்டில் ராயல் ஃபிளஷ் அமையவே முடியாது. அதன் வாய்ப்பு பாதியாகிவிடும். எந்தச் சீட்டு எந்த உருளையில் என்பதும் கடைக்காரர் கையில். ஆடுபவர் படித்தறிய அப்பொறியின் முகத்தில் எதுவும் இல்லை.

நுண்செயலி மலிவான பின், சை ரெட் என்பவரின் சிர்கோமா நிறுவனம் 1979இல் 'டிரா போக்கர்' என்னும் திரை இயந்திரத்தைக் கொண்டுவந்தது. பின்னர் ஐ.ஜி.டி. என்று பெயர் மாறியது இந்நிறுவனமே. ஐந்து சீட்டுகள் திரையில் தோன்றும். வேண்டியவற்றை நிறுத்திக்கொண்டு மற்றவற்றை ஒருமுறை மாற்றலாம். எதிராளி இல்லை, முகம் பார்க்க வேண்டியதில்லை, மேசையில் அமரும் கூச்சமும் இல்லை.

இங்கே தீர்மானகரமானது நெவாடாவின் ஒழுங்குமுறை விதி ஒன்று: சீட்டுக்கட்டைத் திரையில் காட்டும் இயந்திரம், மெய்யான கட்டில் ஒவ்வொரு சீட்டுக்கும் உள்ள வாய்ப்பையே தரவேண்டும். பக்கத்தில் நிற்கும் பழ உருளை இயந்திரத்துக்கு இக்கட்டுப்பாடு இல்லை. டெல்னேஸ் என்பவர் 1984இல் பெற்ற காப்புரிமைக்குப் பின், கண்ணுக்குத் தெரியும் உருளைக்குப் பின்னால் கண்ணுக்குத் தெரியாத நீண்ட எண்பட்டியல் ஒன்று இயங்கலாம் என்றாயிற்று. தோற்றத்தில் ஒன்றான இரு இயந்திரங்கள் வெவ்வேறு விகிதத்தில் பணத்தை விழுங்கலாம். வெளியிலிருந்து அறிய வழியில்லை. வீடியோ போக்கரிலோ கட்டு அறிந்த கட்டு. மாறக்கூடியது பரிசுப் பட்டியல் மட்டுமே. அப்பட்டியல் திரையிலேயே இருக்கிறது. கூடத்துக்குள் தன் விலையைத் தன் நெற்றியில் எழுதிக்கொண்டு நிற்கும் இயந்திரம் இது என்பேன்.

ஜாக்கி இணை அல்லது அதற்கு மேல் வந்தால் பரிசு தரும் அடிப்படை வடிவத்தில், ஒரு நாணயத்துக்கு ஃபுல் ஹவுஸுக்கு ஒன்பது, ஃபிளஷுக்கு ஆறு எனில் அது ஒன்பது-ஆறு. பிழையின்றி ஆடினால், நீண்ட கால நோக்கில் போட்ட பணத்தில் 99.54 விழுக்காடு திரும்பும். எட்டு-ஐந்தில் 97.30. இவ்விரு அமைப்புகளும் ஒவ்வொன்றும் நூறு கைகளுக்கு ஏறத்தாழ ஒருமுறை வருவதால், பட்டியலில் ஓர் இலக்கம் குறைவது ஒரு விழுக்காட்டுக்குச் சற்று மேல் குறைவதாகும். மணிக்கு 600 கை, கைக்கு ஒன்றேகால் டாலர் என ஆடினால் 750 டாலர் புழங்கும். ஒன்பது-ஆறில் எதிர்பார்க்கத்தக்க இழப்பு மூன்றரை டாலர். எட்டு-ஐந்தில் 20 டாலர்.

பிழையின்றி ஆடுவதுதான் கற்க வேண்டிய கலை. தொடக்கக் கைகள் 25,98,960. ஒவ்வொன்றையும் 32 வழிகளில் நிறுத்தலாம். இக்கணக்கைப் பொதுமக்களுக்கு எழுதியவர்களுள் முன்னோடி, ஓய்வு பெற்ற விண்வெளித்துறைப் பொறியாளர் லென்னி ஃபுரோம். பின்னர் பாப் டான்சர் போன்றோர் நூல்களும் வகுப்புகளும் பயிற்சி மென்பொருள்களும் கொண்டு அதைப் பரப்பினர். அவர்கள் கற்பித்தவற்றுள் பல உள்ளுணர்வுக்கு எதிரானவை. 5, 6, 7, 8, இன்னொரு 8 (ஃபிளஷுக்கு வழியில்லாதபடி இனங்கள் கலந்து) வந்தால் புதியவர் கை வரிசையை நோக்கிப் போகும். மீதமுள்ள 47 சீட்டுகளில் 4, 9 என எட்டுச் சீட்டுகளே உதவும், பரிசு நான்கு, ஆக மதிப்பு 0.68. இரண்டு எட்டுகளை மட்டும் நிறுத்தினால் 0.82. மேசைப் போக்கரில் பழகியவர் இணையோடு ஏஸையும் சேர்த்து நிறுத்துவார். எதிராளியே இல்லாத இடத்தில் அந்த ஏஸ் யாரை வெல்லும்? இஸ்பேடில் ஏஸ், ராஜா, ராணி, ஜாக்கியோடு மூன்றும் வந்தால் ஃபிளஷ் ஏற்கெனவே கையில் இருக்கிறது; அதை உடைக்க வேண்டும். ஐந்து நாணயம் போட்டு ஆடுபவருக்கு ராயல் ஃபிளஷின் பரிசு நாணயத்துக்கு 800. நாற்பத்தேழில் ஒரு வாய்ப்புக்கே 17 மதிப்பு. கையிலுள்ள ஃபிளஷின் மதிப்போ ஆறு. ஆயினும் ராயல் வருவது ஏறத்தாழ 40,000 கைகளுக்கு ஒருமுறை. மேற்சொன்ன வேகத்தில் 67 மணி நேரம். அது வரும்வரை ஒன்பது-ஆறும் 97.5 விழுக்காட்டு இயந்திரம்தான்.

கூடங்கள் இக்கல்வியைத் தடுக்கவில்லை என்பது எனக்கு வியப்பளித்தது. டான்சர் லாஸ் வேகாஸின் சவுத் பாயின்ட் கூடத்திலேயே இலவச வகுப்பு நடத்தினார். கற்க வந்தவர் பலர். பிழையற ஆடியவர் சிலர். தேவைப்பட்டபோது கூடங்கள் செய்தது, பட்டியலில் ஒன்பதை எட்டாகவும் ஆறை ஐந்தாகவும் மாற்றியது மட்டுமே. ஓசை, ஒளி, பொத்தான், இருக்கை யாவும் அப்படியே. இன்று ஆறு-ஐந்து இயந்திரங்களும் உண்டு. திரும்புவது 95 விழுக்காடு. படிக்கத் தெரிந்தவர் எழுந்து போகிறார், தெரியாதவர் அமர்கிறார்.

படிக்கத் தெரிந்தும் எழ முடியாதவர் கதையை நடாஷா டவ் ஷூல் 2012இல் வெளியிட்ட இனவரைவியல் நூல் பேசுகிறது. லாஸ் வேகாஸ்வாசிகளான வீடியோ போக்கர் ஆட்டக்காரர்களிடம் அவர் கண்டது வெல்லும் வேட்கையையன்று. ஆட்டம் நிற்காமல் தொடர்வதை மட்டுமே வேண்டும் ஒரு நிலையை. முடிவெடுக்க ஏதோ இருக்கிறது என்பதே கையை இயந்திரத்தோடு பிணைத்தது. திறன் என்பது அங்கே தற்காப்பும் தூண்டிலுமாக இருந்தது.

இனி நண்பரின் வாதம். ஆந்திரப் பிரதேச அரசுக்கும் சத்தியநாராயணாவுக்கும் இடையிலான, செகந்திராபாத் மன்றம் ஒன்றைப் பற்றிய வழக்கில் உச்ச நீதிமன்றம் 1967இல், விழும் சீட்டுகளை நினைவில் கொள்ளவும் எதை நிறுத்துவது, எதைக் கழிப்பது என்று தெரியவும் வேண்டியிருப்பதால் ரம்மி முதன்மையாகத் திறன் ஆட்டமே என்றது. நிறுத்தலும் கழித்தலும்: நெவாடா இயந்திரத்தின் இலக்கணமும் இதுவே. அந்த அளவுகோலால் மட்டும் அளந்தால் அதையும் திறன் ஆட்டம் என்று வாதிட இடமுண்டு. ஆனால் அதே தீர்ப்பு, இடத்தை நடத்துபவர் ஆட்டத்திலிருந்து இலாபம் ஈட்டினால் குற்றம் நிறுவப்படலாம் என்றும் சொல்கிறது. முதல் கருத்து விளம்பரங்களில் வாழ்ந்தது. இரண்டாவதை மேற்கோள் காட்டியவரை நான் அதிகம் கண்டதில்லை. 2025ஆம் ஆண்டின் ஒன்றியச் சட்டம், பணம் வைத்து ஆடும் இணைய விளையாட்டுகளைத் திறன், வாய்ப்பு என்று பிரித்துப் பாராமலே தடை செய்துவிட்டது.

நண்பர் மோசமான ஆட்டக்காரர் அல்லர். ஒவ்வொரு மேசையிலும் செயலி எவ்வளவு பிடித்துக்கொண்டது என்று சென்ற வாரம் அவரிடம் கேட்டேன். விதிமுறைப் பக்கத்தைத் திறந்து தேட வேண்டியிருந்தது.