முதுசொமும் இறைவரியும்: யாழ்ப்பாணச் சிறு நிலவுடைமை பற்றிய ஒரு வரலாற்று நோக்கு

ஒருவர் இறந்தபின் அவர் விட்டுச்சென்ற ஆதனத்தில் ஒரு பங்கை அரசு கோரலாமா என்பது நெடுங்காலமாக விவாதிக்கப்பட்டு வரும் வினாவாகும். பிரித்தானியாவில் 1894இல் நிதியமைச்சர் வில்லியம் ஹார்கோர்ட் மரணச் சொத்துத் தீர்வையைச் செப்பமுற விதித்தபோது, பெருநிலக்கிழார்கள் அதனைத் தம் குலத்துக்கு வந்த கேடெனக் கருதினர். பிற்காலத்தில் இதே முறையீடு சிறு கமக்காரரின் பெயராலும் சிறு வணிகரின் பெயராலும் எழுப்பப்பட்டது. தந்தை இறந்ததும் தீர்வை கட்டுவதற்காகவே மைந்தர் காணியை விற்க நேர்கிறது என்பது அம்முறையீட்டின் சாரம். யாழ்ப்பாணக் குடாநாட்டின் சிறு நிலவுடைமைக்கு இக்கூற்று எவ்வளவு தூரம் பொருந்தும் என்பதே ஈண்டு ஆராயப்படுகின்றது.

குடாநாட்டில் ஆதனம் கைமாறும் முறையைத் தேசவழமையே நெறிப்படுத்தி வந்தது. ஒல்லாந்த ஆளுநர் சைமன்ஸ் 1706இல் இட்ட பணிப்பின்படி, யாழ்ப்பாணத்தில் நீண்டகாலம் பணியாற்றிய திசாவை கிளாஸ் ஐசாக்ஸ் வழமைகளைத் தொகுத்து 1707இல் ஒப்படைத்தார். தமிழ் முதலிமார் பன்னிருவர் அத்தொகுப்பைப் பார்வையிட்டு ஏற்றனர். பிரித்தானியர் 1806ஆம் ஆண்டின் 18ஆம் இலக்க ஒழுங்குவிதியால் அதற்குச் சட்டவலு அளித்தனர். முதுசொம், சீதனம், தேடியதேட்டம் என மூவகையாக ஆதனத்தை வகுத்த அவ்வழமையில் பெற்றோரின் கடனும் இடம்பெற்றிருந்தது. கடனைத் தீர்க்கும் பொறுப்பு மைந்தரைச் சார்ந்தது. உடனடியாகத் தீர்க்க வசதியற்ற நிலையிலும் அப்பொறுப்பு அவர்களை விட்டு நீங்குவதில்லை. ஆகவே, அரசு எவ்விதத் தீர்வையும் விதியாத காலத்திலேயே மரணம் யாழ்ப்பாணக் குடும்பமொன்றின் மீது பொருட்சுமையை ஏற்றி வைத்தது எனலாம்.

அச்சுமையைத் தாங்கும் வழிகளையும் வழமை வகுத்திருந்தது. காணியை ஒற்றி வைப்பவர் வட்டி கொடுப்பதில்லை. ஒற்றி பிடித்தவர் வட்டிக்கு ஈடாக விளைச்சலை அனுபவிப்பார். மீட்கும் உரிமை உடையவரிடமே இருக்கும். விற்க நேரின், உரித்தாளருக்கும் பங்காளருக்கும் முதலில் அறிவித்து, அவர்கள் வாங்க மறுத்தால் மட்டுமே பிறருக்கு விற்கலாம். ஒல்லாந்தர் காலத்தில் இவ்வறிவித்தல் தேவாலயத்தில் மூன்று ஞாயிற்றுக்கிழமைகளில் பகிரங்கப்படுத்தப்பட வேண்டியிருந்தது. இவ்வுரிமை 1947ஆம் ஆண்டின் 59ஆம் இலக்கக் கட்டளைச் சட்டத்தால் புதிதாக வரையறுக்கப்பட்டது. காணி குடும்பத்தை விட்டுப் போகாதிருக்க வேண்டும் என்பதே இவற்றின் நோக்கமாகும்.

காணி குடும்பத்துக்குள்ளேயே நின்றது உண்மை. ஆனால் அது முழுதாக நிற்கவில்லை. 16 பரப்பு ஓர் ஏக்கர் எனக் கணிக்கப்படும் குடாநாட்டில், தலைமுறைதோறும் தோட்டம் துண்டாகியது. நிலத்தைப் பிரிக்கலாம், கிணற்றைப் பிரிக்கவியலாது. எனவே கிணற்றிலும் வாய்க்காலிலும் வழியிலும் உள்ள பங்குகள் உறுதிகளில் எழுதப்பட்டன. இறைப்புக்கு முறை வைக்கப்பட்டது. பிணக்கு ஏற்பட்டவிடத்து அது நீதிமன்றம் வரை சென்றது. ஆதனம் சிறுத்தபோது வழக்குச் செலவு சிறுக்கவில்லை என்பது கவனிக்கத்தக்கது.

இனி, அரசிறையின் வரலாற்றை நோக்குவோம். பத்தொன்பதாம் நூற்றாண்டில் இலங்கைக் கமக்காரரை வருத்திய வரி நெல்வரியாகும். அது முதலில் விளைச்சலின் ஒரு பங்காகக் குத்தகைகாரர் வழியே அறவிடப்பட்டது; பின்னர் 1878ஆம் ஆண்டின் தானியவரிக் கட்டளைச் சட்டத்தின் கீழ்ப் பணமாக நிலைப்படுத்தப்பட்டது. விளைச்சல் பொய்த்த ஆண்டிலும் பணம் கட்ட வேண்டியதாயிற்று. 1880களில் மலைநாட்டின் வலப்பனைப் பகுதியில், நிலுவைக்காகச் சிறு வயல்கள் ஏலத்தில் விற்கப்பட்டுக் குடிகள் வெளியேற்றப்பட்ட கொடுமை இங்கிலாந்து வரை பேசப்பட்டது. ஆளுநர் ஹவ்லொக் காலத்தில், 1893 சனவரி முதல் நெல்வரி ஒழிந்தது.

எனினும் இறக்குமதி அரிசி மீதான சுங்கத்தீர்வை நீடித்தது. குடாநாட்டுக்கு இதன் பொருள் தனித்தன்மை வாய்ந்தது. யாழ்ப்பாணத்துத் தோட்டக்காரர் புகையிலை விற்ற பணத்தில் அரிசி வாங்கி உண்டவர். வயலுடையவர் வரி நீக்கத்தால் பயனடைந்தார். அரிசியை விலைக்கு வாங்கியவரோ முன்போலவே உலைப்பானையில் வரி செலுத்தினார். அவர் விற்ற புகையிலைக்குத் திருவிதாங்கூரே பழைய சந்தை. அங்கும் முதலில் மன்னரின் தனியுரிமையும் பின்னர் இறக்குமதித் தீர்வையும் விலையை நிர்ணயித்தன. அச்சந்தை தளர்ந்த வேளையில், 1934இல், யாழ்ப்பாண மலையாளப் புகையிலை ஐக்கிய வியாபாரச் சங்கம் தோன்றியது. தனித்து நின்ற சிறு உற்பத்தியாளர் கூட்டுறவை நாடியமைக்கு இது தக்க சான்றாகும்.

மரணச் சொத்துத் தீர்வையோ இலங்கையில் 1919ஆம் ஆண்டின் 8ஆம் இலக்கக் கட்டளைச் சட்டத்தால் விதிக்கப்பட்டது. 1938இல் வேறொரு கட்டளைச் சட்டம் அதன் இடத்தைப் பெற்றது. குறித்த பெறுமதிக்குட்பட்ட சிறு ஆதனங்கள் விலக்கப்பட்டமையால், சில பரப்புக் காணியுடைய கமக்காரரை அது அணுகவில்லை. சற்று வசதியுடையோரையும் அது முழுமையாக எட்டவில்லை. காரணம் சீதன வழமையே. பெற்றோர் உயிருடன் இருக்கையிலேயே சீதன உறுதியாலும் நன்கொடை உறுதியாலும் ஆதனத்தில் பெரும்பங்கு மக்களைச் சென்றடைந்தது. இறப்புக்குச் சற்றுமுன் செய்த கொடைகளைச் சேர்த்துக் கணிக்கும் விதி பிரித்தானியச் சட்ட மரபில் உண்டெனினும், இருபது ஆண்டுகளுக்கு முன் மகளுக்கு எழுதிய சீதனத்தை அது தொடாது. கேம்பிரிட்ஜ்ப் பொருளியலாளர் நிக்கலஸ் கால்டோர் 1958இல் அளித்த யோசனைகளை ஒட்டி நன்கொடை வரியும் செல்வ வரியும் செலவு வரியும் புகுத்தப்பட்டமை, இத்தகைய இடைவெளிகளை அடைக்கும் முயற்சியேயாகும். இந்தியாவில் 1953இல் வந்த மரணச் சொத்துத் தீர்வை 1985 மார்ச்சில் நீக்கப்பட்டது; இலங்கையும் அதே பத்தாண்டில் அதனைக் கைவிட்டது.

அத்தீர்வை நீங்கியதால் குடாநாட்டுச் சிறு தோட்டம் தழைத்ததா? இல்லை. அதன் ஏற்றத்தாழ்வு பிறிதோரிடத்தில் தீர்மானிக்கப்பட்டது. 1970க்கும் 1977க்கும் இடையில் மிளகாய், வெங்காய இறக்குமதி கட்டுப்படுத்தப்பட்டபோது தோட்டக்காரர் கையில் பணம் புரண்டது. 1977இன் பின் இறக்குமதி திறக்கப்பட்டதும் விலை வீழ்ந்தது. 1972ஆம் ஆண்டின் காணிச் சீர்திருத்தச் சட்டம் விதித்த 50 ஏக்கர் உச்சவரம்பு இத்தோட்டங்களைப் பெரிதும் தொடவில்லை. தென்னிலங்கை நகரங்களில் உறவினர் கூடி நடத்திய சுருட்டுக்கடைகளையும் மரண வரி அழிக்கவில்லை. 1958, 1977, 1983 ஆகிய ஆண்டுகளின் வன்செயல்கள் தமிழர் கடைகள் பலவற்றைத் தீக்கிரையாக்கின.

போர்க்கால இடப்பெயர்வின் பின் இன்று உரித்தாளர் கனடாவிலும் ஐரோப்பாவிலும் பரந்துள்ளனர். பிரிக்கப்படாத பங்குகளுக்கு ஒப்பம் பெறுவதே அரிதாக, காணிகள் தரிசாகக் கிடக்கின்றன. 2023இல் பன்னாட்டு நாணய நிதியத்துடன் ஏற்பட்ட உடன்பாட்டை ஒட்டி மரபுரிமை வரி பற்றிய பேச்சு மீண்டும் எழுந்துள்ளமையால், இவ்வரலாறு ஏட்டளவில் நிற்பதன்று.

மேற்கூறியவற்றிலிருந்து இரண்டு முடிவுகளைப் பெறலாம். பெருஞ்செல்வர் மீதான மரண வரியைச் சிறு கமக்காரரின் பெயரால் எதிர்ப்பதற்கு யாழ்ப்பாண வரலாறு சான்று தரவில்லை. விலக்கெல்லை உரிய இடத்தில் அமையுமாயின் அவர் அதற்கு வெளியேயே நிற்பார். ஆயினும் அவ்வெல்லை காணியின் சந்தைப் பெறுமதியை மட்டுங்கொண்டு வகுக்கப்படலாகாது. வெளிநாட்டுப் பணத்தால் விலையேறிய காணி, உழுதுண்பவர் கையில் அதே அளவு வருவாயைத் தருவதில்லை. விளைவை நோக்காது பணத்தைக் கோரிய நெல்வரி எங்ஙனம் முடிந்தது என்பதை வரி விதிப்போர் மறத்தல் ஆகாது.