கணுக்களில் பதியும் காலம்: வன்னிப் பெண்களும் கருப்பைக் கழுத்துப் புற்றுநோயும்

நோய்களின் வரலாற்றை மருத்துவர்க்கே உரிய துறையென ஒதுக்கிவிடுவது நம்மிடையே வழக்கமாகிவிட்டது. ஆயின் நோயொன்று எப்பொழுது கண்டறியப்படுகின்றது, எவர்க்குச் சிகிச்சை எட்டுகின்றது என்பனவற்றைச் சமூக அமைப்பே பெரிதும் தீர்மானிக்கின்றது. கருப்பைக் கழுத்துப் புற்றுநோய் நிணநீர்க் கணுக்களுக்குப் பரவுதல் இதற்குத் தக்க சான்றாகும்.

இந்நோய் பெரும்பாலும் இடுப்பறைக் கணுக்களை முதலிலும், பெருநாடியை ஒட்டிய கணுக்களைப் பின்னரும் அடைகின்றது. நோய் கருப்பைக் கழுத்துக்குள்ளேயே நிற்பதாகத் தோன்றும் நிலையிற்கூட, சத்திரசிகிச்சை பெறுவோருள் ஏறத்தாழ 15 வீதமானோரின் இடுப்பறைக் கணுக்களில் அது காணப்படுவதுண்டு. கணுக்கள் நோயற்றிருப்பின் பத்தில் ஒன்பது பேர்வரை ஐந்தாண்டுகளுக்கு மேல் வாழ்வர். நோயுற்றிருப்பின் அவ்வாய்ப்புப் பெரிதும் குறையும்.

இவ்வறிவு சத்திரசிகிச்சையின் வழியே திரண்டதாகும். வியன்னாவில் ஏர்ண்ஸ்ற் வேர்த்தைம் 1898இல் கருப்பையைச் சூழ்ந்த இழையங்களோடும் பருத்த கணுக்களோடும் அகற்றத் தொடங்கினார். அவருடைய முதல் 500 நோயாளருள் ஏறத்தாழ ஐவருக்கு ஒருவர் சத்திரசிகிச்சையை அடுத்து இறந்தனர். பருக்காத கணுவிலும் நோய் இருத்தல்கூடும். எனவே 1940களில் பொஸ்ரனில் ஜோ மெயிக்ஸ் இடுப்பறைக் கணுக்களை முறையாக அகற்றலானார். கல்கத்தாவில் சுபோத் மித்ரா யோனிவழிச் சத்திரசிகிச்சையோடு கணு அகற்றலை இணைத்தார்.

எனினும் சர்வதேசப் படிநிலை வகுப்பில் கணுக்கள் 2018இலேயே இடம்பெற்றன. வசதி குறைந்த நாடுகளிலும் கையாளத்தக்கதாக, அதுவரை வகுப்பு நேரடிப் பரிசோதனையையே பெரிதும் சார்ந்திருந்தது. நோயின் சுமையும் அந்நாடுகளிலேயே மிகுதி. 2022இல் இந்நோயால் இறந்த ஏறத்தாழ 350,000 பெண்களுள் பத்தில் ஒன்பதுக்கு மேற்பட்டோர் குறைந்த, நடுத்தர வருமான நாடுகளைச் சேர்ந்தோராவர்.

இப்பின்னணியில் வன்னிப் பெருநிலப்பரப்பை நோக்குவோம். கருப்பைக் கழுத்தில் மாற்றந் தொடங்கிப் புற்றுநோயாக முற்றுவதற்குப் பொதுவாகப் பத்து ஆண்டுகளுக்கு மேற் செல்லும். அவ்விடைக்காலத்திற் கண்டறிந்து தடுக்கும் பொருட்டு, 35 வயதை எட்டிய பெண்களுக்கான பரிசோதனைக் கிளினிக்குகள் இலங்கையில் 1996இல் தொடங்கின. அதே ஆண்டில் முல்லைத்தீவும் கிளிநொச்சியும் போர்க்களங்களாயின. 1990 முதல் 2002 வரை ஏ9 வீதி மூடப்பட்டிருந்தது. மருந்துகளுக்கும் கட்டுப்பாடு இருந்தது. 2006இல் வீதி மீண்டும் மூடப்பட்டது. 2009இல் வைத்தியசாலைகளே எறிகணை வீச்சுக்குள்ளாயின. 1996இல் 35 வயதாயிருந்த வன்னிப் பெண் இன்று அறுபதைக் கடந்தவள். அவளுக்குரிய பரிசோதனைக் காலம் இடப்பெயர்விற் கழிந்தது.

கணுவில் நோய் காணப்படின் சத்திரசிகிச்சையோடு காரியம் முடிவதில்லை. ஏறத்தாழ ஐந்து வாரக் கதிர்ச்சிகிச்சையும் இரசாயன மருந்தும் வேண்டும். அதற்கு வன்னி நோயாளர் தெல்லிப்பழைக்கோ மகரகமைக்கோ செல்ல நேர்கின்றது. சிகிச்சை இலவசமே, ஆயினும் கூலிக்கு வயலில் இறங்கும் பெண்ணுக்கு அது ஐந்து வார வருமான இழப்பாகும். போரிற் கணவனை இழந்து குடும்பத்தைத் தாங்குபவள் அதனை எங்ஙனம் ஈடுசெய்வாள்?

2017 முதல் பாடசாலை மாணவியர்க்குத் தடுப்பூசி வழங்கப்படுகின்றது. இது வரவேற்கத்தக்கதே. ஆயின் அது வருந்தலைமுறைக்கான காப்பு; போர்க்காலத் தலைமுறைக்கு அதனாற் பயனில்லை. 35 வயதை மையமாகக் கொண்ட பரிசோதனைத் திட்டமும் அவர்களை எட்டாது. எனவே, வன்னியில் ஐம்பது வயதைக் கடந்தும் ஒருமுறையேனும் பரிசோதிக்கப்படாத பெண்களைக் கிராமந்தோறும் தேடிச்சென்று பரிசோதிப்பதும், சிகிச்சைக்காலப் பயணத்துக்கும் வாழ்வாதாரத்துக்கும் அரசு பொறுப்பேற்பதும் இன்றியமையாதன என நாம் கருதுகின்றோம். வரலாற்றால் விளைந்த இழப்பைத் தனிமனுஷியின் விதியென விட்டுவிடுதல் தகாது.